மைக் யார் கையில், பத்திரம் யார் பெயரில்: ரெகே, டான்ஸ்ஹால் இசையில் பெண்கள்

நம் ஊரில் டிஜே என்றால் கல்யாண வரவேற்பில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டு போடுகிறவர் என்றே பொருள். ஜமைக்காவில் அந்த வேலையைச் செய்பவருக்கு செலக்டர் என்று பெயர். செலக்டர் ஓடவிடும் இசைத்தட்டின் மேல், மைக்கைப் பிடித்து, தாளத்துக்குள் சொற்களை அடுக்கி, பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே ஓர் ஓட்டத்தில் சொல்லிக்கொண்டு போகிறவர்தான் அங்கே டீஜே. ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையிலும், அதிலிருந்து கிளைத்த டான்ஸ்ஹால் இசையிலும் பெண்களின் இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பாடகி என்ற இடம் பெண்களுக்குத் தொடக்கத்திலிருந்தே கிடைத்தது. டீஜே என்ற இடத்துக்கு அவர்கள் வந்து சேர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன.

இதற்குக் காரணம் குரல்வளம் அன்று, வேலை நடக்கும் இடம். பாடகியின் வேலை ஒலிப்பதிவுக் கூடத்தில் முடிந்துவிடும். பகலில் போய், தயாரிப்பாளர் சொன்ன பாட்டைப் பாடிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பலாம். டீஜே தொழிலுக்குக் கூடமும் கிடையாது, பாடமும் கிடையாது. கிங்ஸ்டன் நகரத்தின் திறந்தவெளி முற்றங்களில், ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, விடிய விடிய நடக்கும் சவுண்ட் சிஸ்டம் இரவுகளில்தான் அது கைவந்தது. அங்கே மைக்கைச் சுற்றி ஐந்தாறு ஆண்கள் முறை வைத்து நிற்பார்கள். கூட்டம் சிரிக்க வேண்டும், ஆட வேண்டும், இல்லாவிட்டால் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விடும். தேவாலய ஒழுக்கத்தில் வளர்க்கப்பட்ட ஒரு பெண் நள்ளிரவில் அந்த முற்றத்தில் நிற்பதே ஊர்வாயில் விழப் போதுமான காரணமாக இருந்த காலம் அது.

பாடகிகளின் வரலாறு விரைவாகவே தொடங்கிவிட்டது. கிளாரண்டன் பகுதியில் பிறந்து லண்டனுக்கு அழைத்து வரப்பட்ட மில்லி ஸ்மால், 1964இல் பாடிய 'மை பாய் லாலிபாப்' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ஜமைக்காவின் இசை உலகச் சந்தையில் போட்ட முதல் பெரிய காலடி அதுதான். பாப் மார்லியின் பெயர் வெளியுலகுக்குத் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு பதின்பருவப் பெண்ணின் கீச்சுக்குரல் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. பின்னர் எழுதப்பட்ட வரலாறுகள் பலவற்றில் அந்தப் பாட்டு ஒரு வேடிக்கைக் குறிப்பாக மட்டும் சுருங்கிப்போனதை நான் நியாயம் என்று நினைக்கவில்லை. அதே பத்தாண்டில் ஸ்டூடியோ ஒன் கூடத்தில் மார்சியா கிரிஃபித்ஸும் டான் பென்னும், டிரெஷர் ஐல் கூடத்தில் ஃபிலிஸ் டில்லனும் பதிவு செய்த பாடல்கள் இன்றும் கேட்கப்படுகின்றன.

1974இல் பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவிலிருந்து பீட்டர் டோஷும் பன்னி வெய்லரும் பிரிந்துபோன பிறகு, மார்லியின் பின்பாட்டுக்கு ரீட்டா மார்லி, ஜூடி மோவாட், மார்சியா கிரிஃபித்ஸ் ஆகிய மூவர் சேர்ந்தார்கள். ஐ-த்ரீஸ் என்ற பெயரில் அறியப்பட்ட இவர்களைப் பின்பாட்டுப் பெண்கள் என்று மட்டும் அறிந்தவர்களே அதிகம். ஆனால் சேரும்போதே மூவரும் தனித்துப் பாடிக்கொண்டிருந்தவர்கள். மார்சியா, பாப் ஆண்டியுடன் பாடிய பாட்டால் 1970இலேயே பிரிட்டனில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தவர். ஜூடி மோவாட் 1970களின் இறுதியில் 'பிளாக் வுமன்' என்ற தொகுப்பைத் தாமே முன்னின்று தயாரித்தார். அடிமைக் கப்பலிலும் கரும்புத் தோட்டத்திலும் கறுப்பினப் பெண் பட்ட பாட்டை, ஜமைக்காவில் தோன்றிய கறுப்பினச் சமய இயக்கமான ராஸ்தஃபாரி நெறியின் மொழியிலேயே, ஆனால் அந்த நெறிக்குள் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட அடக்கத்தை மீறிச் சொன்ன தொகுப்பு அது. ரெகேவுக்கான கிராமி விருதுக்குத் தம் பெயரில் தனித்துப் பரிந்துரைக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே.

ஜமைக்க இசையின் உள்ளியக்கத்தைப் புரிந்துகொள்ள ரிடிம் என்ற சொல் தேவை. பேஸ் கிட்டாரும் டிரம்மும் சேர்ந்து அமைக்கும் அடித்தளத்துக்கு அந்தப் பெயர். ஒரு ரிடிம் ஒரு பாட்டுக்கு மட்டும் சொந்தமன்று. அதன் மேல் பத்துப் பேர் பத்துப் பாட்டுப் பாடலாம், இருபது ஆண்டு கழித்து இன்னும் பத்துப் பேர் வரலாம். சினிமா மெட்டில் முருகன் பாட்டும் தேர்தல் பாட்டும் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரே ரிடிமில் ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்லும் வழக்கமும் உண்டு. நம் எசப்பாட்டை இதற்குப் பக்கத்தில் வைக்கலாம். பெண்கள் டீஜே உலகத்துக்குள் நுழைந்த வழியும் பெரும்பாலும் இந்த எசப்பாட்டுத்தான்.

ஒரு ரிடிமை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆல்டன் எல்லிஸ் 1967இல் 'ஐம் ஸ்டில் இன் லவ்' என்று ஓர் ஆணின் ஏக்கத்தைப் பாடினார். பத்து ஆண்டுகள் கழித்து, ஜோ கிப்ஸ் தயாரிப்பில், மார்சியா ஐட்கன் அதே பாட்டைப் பெண்ணின் வாயில் வைத்துப் பாடினார். தலைப்பில் 'பாய்' என்ற ஒரு சொல் கூடியது. ஐட்கன் பாட்டுக்காக உருவாக்கிய இசையை மட்டும் ஓடவிட்டு, டிரினிட்டி என்ற டீஜே, தாம் அணிந்த மூன்று உருப்படிக் கோட்டு சூட்டைப் பற்றிப் பெருமை அடித்தார். அதற்கு எசப்பாட்டாக வந்ததுதான் அல்தியா, டோனா என்ற பதின்ம வயதுப் பெண்கள் இருவரும் சொன்ன 'அப்டவுன் டாப் ராங்கிங்'. உன்னிடம் கோட்டு சூட்டு இருந்தால் எங்களிடம் குதிகால் செருப்பும் முதுகு தெரியும் மேல்சட்டையும் இருக்கின்றன என்ற தொனியில், கொஞ்சமும் அவசரப்படாமல், ஏறத்தாழ அலட்சியமாக இருவரும் சேர்ந்து சொல்லும் அந்தப் பாட்டை பிபிசி வானொலி நிகழ்ச்சியாளர் ஜான் பீல் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார். 1978 பிப்ரவரியில், ஒன்பது வாரம் முதலிடத்தில் அசையாமல் இருந்த பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழுப் பாட்டைக் கீழே இறக்கிவிட்டு அது பிரிட்டனின் முதலிடத்தைப் பிடித்தது. கேலியாகத் தொடங்கிய பதில், மூலப் பாட்டுகள் எதற்கும் கிடைக்காத உயரத்துக்குப் போயிற்று. 2004இல் ஷான் பாலும் சாஷா என்ற பெண் டீஜேயும் அதே அடித்தளத்தை மறுபடி எடுத்து உலகமெங்கும் ஓடவிட்டார்கள். சாஷா பின்னர் டான்ஸ்ஹாலை விட்டுத் தேவாலய இசைக்குப் போனார். அந்தத் திருப்பம் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறையும் வரும்.

எசப்பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது. முற்றத்தில் மைக்கைப் பிடித்துத் தமக்கென்று இடம் பிடித்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சிஸ்டர் நான்சி. 1962இல் பிறந்த ஓஃப்லின் ரஸ்ஸல், கிங்ஸ்டனின் பாப்பீன் பகுதியில் பிள்ளைகள் நிறைந்த, சமயப் பற்றுள்ள ஒரு குடும்பத்தில் வளர்ந்தவர். அவருடைய அண்ணன் பிரிகேடியர் ஜெர்ரி பேர்பெற்ற டீஜே. அண்ணனுடைய சவுண்ட் சிஸ்டம் இரவுகளுக்குப் போய்ப் போய்த்தான் தங்கை தொழிலைக் கற்றார். அண்ணன் என்ற துணை இல்லாவிட்டால் அந்த முற்றம் அவரை உள்ளே விட்டிருக்குமா என்பது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் உள்ளே போன பிறகு மைக்கைத் தக்கவைத்தது அவருடைய நாக்குத்தான்.

1982இல் வின்ஸ்டன் ரைலி தயாரிப்பில் வந்த 'ஒன் டூ' என்ற அவருடைய தொகுப்பில் 'பாம் பாம்' என்ற பாட்டு இருக்கிறது. பாம் பாம் என்றால் ஜமைக்க வழக்கில் அடிதடி, ரகளை. அந்தப் பல்லவி நான்சியுடையது அன்று. டூட்ஸ் ஹிபர்ட்டின் மேட்டல்ஸ் குழு 1966இல் பாடி, ஜமைக்கச் சுதந்திர விழாவின் முதல் பாட்டுப் போட்டியில் பரிசு வென்ற பாட்டிலிருந்து வந்தது. அந்தப் பாட்டில் ஓர் ஆண் பேசுகிறான்: இந்த ஆண் யாருடைய வம்புக்கும் போகாதவன், ஆனால் இவனைச் சீண்டினால் ரகளைதான். நான்சி அந்த வாக்கியத்தை எடுத்து, ஆண் இருந்த இடத்தில் பெண்ணை வைத்தார். இந்தப் பெண் யாருடைய வம்புக்கும் போகாதவள், நான் பெண், ஆணில்லை, மைக் பிடிப்பதே என் லட்சியம் என்று பாட்டு விரிகிறது. ஆண் சொல்லும்போது வீரப்பேச்சாக இருந்தது, பெண் சொல்லும்போது ஒரு தொழில் உரிமைக் கோரிக்கையாக மாறிவிடுகிறது. அடியில் ஓடும் ரிடிம் அன்செல் காலின்ஸ் 1973இல் வாசித்த 'ஸ்டாலக்'. அந்த ஊதுகருவித் தொடக்கத்தைக் கேட்டதும் இன்றும் எந்த டான்ஸ்ஹால் கூட்டமும் கையைத் தூக்கும்.

பாட்டு வெளியான காலத்தில் ஜமைக்காவில் பெரிதாக ஓடவில்லை. நான்சி 1990களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்து ஒரு வங்கியில் கணக்கு வேலை பார்த்தார். அவர் அங்கே பிறருடைய பணத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், 1998இல் வந்த 'பெல்லி' திரைப்படத்தில் அந்தப் பாட்டு ஒலித்தது. பிறகு ராப் இசைக்காரர்கள் அதைத் துண்டு துண்டாக எடுத்துத் தங்கள் பாட்டில் ஒட்டினார்கள். 2016இல் கான்யே வெஸ்ட்டும், 2017இல் ஜே-ஸீயும் எடுத்தது எல்லோரும் அறிந்தது. 2014இல் ஒரு காலணி விளம்பரத்தில் தம் குரலைத் தொலைக்காட்சியில் கேட்ட பிறகுதான் அவர் வழக்கறிஞரைப் பார்க்கப் போனார். முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்தப் பாட்டிலிருந்து அவருக்கு ராயல்டி வரவில்லை. பேச்சுவார்த்தையின் முடிவில் உரிமையில் பாதியும், கடந்த பத்தாண்டுகளுக்கான நிலுவையும் கிடைத்தன.

இதை ஒருவர் மற்றொருவரை ஏமாற்றிய கதையாக மட்டும் பார்த்தால் அமைப்பு கண்ணில் படாமல் போய்விடும். பாடியவருக்கு ஒரே தொகையாகக் கையில் கொடுத்துவிட்டுப் பதிவை முழுவதும் தயாரிப்பாளர் தம்முடையதாக வைத்துக்கொள்வதே கிங்ஸ்டனின் நடைமுறை. ஜமைக்கா தனக்கென்று பதிப்புரிமைச் சட்டம் இயற்றியதே 1993இல்தான். அதுவரை ஆங்கில ஆட்சிக் காலத்து 1911ஆம் ஆண்டுச் சட்டமே பெயரளவில் இருந்தது. ரிடிம் பொதுச்சொத்துப் போலப் புழங்கிய ஊரில், யாருடைய பாட்டு எது என்ற கணக்கு எழுதப்படவே இல்லை. ஆண் பாடகர்களும் இதில் நிறைய இழந்தார்கள். ஆனால் ஆண்களில் சிலர் காலப்போக்கில் தாமே தயாரிப்பாளராகவும் சவுண்ட் சிஸ்டம் உரிமையாளராகவும் ஆகி, பத்திரம் இருக்கும் பக்கத்துக்கு மாறிக்கொள்ள முடிந்தது. பெண்களில் பெரும்பாலோருக்கு அந்த ஏணி இல்லை. அவர்கள் மாதச் சம்பளத்துக்குப் போனார்கள். ஃபிலிஸ் டில்லன் நியூயார்க்கில் வங்கி வேலையில் இருந்துகொண்டே ஜமைக்காவுக்குப் பறந்து வந்து பாடிக் கொடுத்துவிட்டுப் போனார். லீ பெர்ரி தயாரிப்பில் 'ஹர்ட் ஸோ குட்' பாடி 1975இல் பிரிட்டனில் நான்காம் இடம் பிடித்த சூசன் கடோகன், மேற்கிந்தியப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தவர். வங்கி, நூலகம், மறுபடி வங்கி என்று வரும் இந்த வரிசை தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பத்திரம் இருக்கும் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் இருவரைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் சோனியா பாட்டிஞ்சர். ஜமைக்காவின் முதல் பெண் தயாரிப்பாளரான இவர் 1960களின் நடுவில் தொடங்கி, ஹை நோட், கே ஃபீட் ஆகிய பெயர்களில் தட்டுகள் வெளியிட்டார். மார்சியா கிரிஃபித்ஸின் சிறந்த தனித்தொகுப்புகள் 1970களின் இறுதியில் இவரிடமிருந்தே வந்தன. டிரெஷர் ஐல் உரிமையாளர் டியூக் ரீடின் பதிவுகளை அவர் விலைக்கு வாங்கியது தொடர்பான வழக்கு 2009இல்தான் அவர் பக்கம் தீர்ந்தது. மறு ஆண்டே அவர் காலமானார். மற்றவர் சீன, இந்திய வம்சாவளியில் வந்த பட்ரீஷியா சின். கிங்ஸ்டனின் நார்த் பரேடு தெருவில் கணவர் வின்சென்ட்டுடன் ராண்டிஸ் இசைத்தட்டுக் கடையின் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 1979இல் நியூயார்க்கில் இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து விபி ரெக்கார்ட்ஸ் தொடங்கினார். இன்று ரெகே, டான்ஸ்ஹால் வெளியீட்டில் உலகின் முதன்மை நிறுவனம் அதுவே. ஆக, இந்த இசையின் பெரும்பகுதி ஒரு பெண்ணின் கணக்குப் புத்தகத்தைக் கடந்துதான் உலகுக்குப் போயிருக்கிறது.

லண்டனில் கதை சற்று வேறு வழியில் போயிற்று. ஆண்கள் பைபிள் சொற்களில் விடுதலை பாடிக்கொண்டிருந்தபோது, ஜமைக்கக் குடும்பங்களில் பிரிட்டனில் வளர்ந்த பள்ளி மாணவிகள் காதலைப் பாட விரும்பினார்கள். 1975இல் லூயிசா மார்க் பதின்பருவத்தில் பாடிய 'காட் யூ இன் எ லை'யிலிருந்து லவர்ஸ் ராக் என்ற கிளை வளர்ந்தது. டென்னிஸ் போவெல் எழுதித் தயாரித்து, ஜேனட் கே பாடிய 'சில்லி கேம்ஸ்' 1979இல் இரண்டாம் இடம் வரை போயிற்று. அதில் குரல் எட்டும் உச்ச ஸ்தாயியை வீட்டு விருந்துகளில் எல்லோரும் சேர்ந்து பாட முயன்று தோற்பது இன்றும் ஒரு சடங்கு. அரசியல் இல்லாத மென்மையான இசை என்று இதை ஒதுக்கியவர்கள் உண்டு. கறுப்பின இளைஞர்களுக்கு நகரின் இரவு விடுதிக் கதவுகள் மூடியிருந்த காலத்தில், வீட்டுக் கூடத்தில் அவர்கள் அணைத்து ஆட ஓர் இசை இருந்ததை அரசியல் இல்லை என்று சொல்வது எனக்கு ஒப்பாது. லண்டனில் இப்படிப் படிந்த ஜமைக்க ஓசைதான், பின்னர் அங்கே வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. (M.I.A.) என்ற பெயரில் பாடிய முதல் பாட்டுகளிலும் கேட்கிறது. அவருடைய 'கலாங்' என்ற தலைப்பே ஜமைக்க வழக்குச் சொல்.

1985இல் 'ஸ்லெங் டெங்' என்ற ரிடிம் ஒரு சிறிய காஸியோ கீபோர்டிலிருந்து பிறந்தபோது ஜமைக்க இசை கணினி யுகத்துக்குள் போயிற்று. வாத்தியக் குழுவுக்குக் கூலி கொடுக்க வேண்டாம் என்றானதும் பதிவுகள் பெருகின. பெண் டீஜேக்களுக்கும் வாய்ப்புக் கூடியது. 1988இல் லேடி ஜி பாடிய 'நஃப் ரெஸ்பெக்ட்' பெண்களுக்கு மரியாதை கேட்டது. ஆனால் டான்ஸ்ஹாலின் மையப் பொருளே அப்போது உடலும் காமமுமாக மாறிவிட்டிருந்தது. இதற்கு அங்கே ஸ்லாக்னஸ் என்று பெயர்; ஒழுங்கீனம், ஆபாசம் இரண்டையும் சேர்த்துக் குறிக்கும் சொல். ஆண் டீஜேக்கள் பெண்ணுடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை, பெண்ணின் பக்கத்திலிருந்து அதே அளவு பச்சையாகத் திருப்பிச் சொன்னவர் லேடி சா என்ற மேரியன் ஹால்.

செயின்ட் மேரி பகுதியில் ஏழைக் குடும்பத்தில் 1969இல் பிறந்த அவர் 1990களில் மேடைகளை ஆண்டார். மான்டிகோ பே நகரத்தில் உள்ளாட்சி மன்றம் அவருக்குத் தடை விதித்தது. அதே மேடைகளில் அதைவிடப் பச்சையாகப் பாடிய ஆண்கள் தடையின்றிப் போய்வந்தார்கள். தடைக்கு அவர் தந்த பதில் 1996இல் வந்த ஒரு பாட்டு. ஸ்லாக்னஸ் எது என்று அவரே கேட்டு, அவரே பட்டியல் போடுகிறார்: சாலை செப்பனிடப்படாமல் கிடப்பது, அரசு வாக்குறுதியை மீறுவது, அரசியல்வாதி துப்பாக்கியை வழங்கி மக்களை ஒருவரையொருவர் சுட வைப்பது. மேற்கிந்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கேரலின் கூப்பர் போன்றோர், நடுத்தர வர்க்க ஒழுக்கத்தின் இரட்டை நாக்கை வெளிப்படுத்திய கலகக் குரலாக லேடி சாவை வாசித்தார்கள். எதிர்த்தரப்பு, ஆணின் சந்தை கேட்டதைத்தானே அவர் விற்றார் என்றது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் 2007இல் தாம் கருத்தரிக்க இயலாததைப் பற்றி, கருச்சிதைவுகளைப் பற்றி, நான் ஒரு பெண்ணுக்குக் குறைந்தவள் இல்லை என்று அவர் பாடிய பாட்டை வைத்துப் பார்த்தால் இந்த விவாதம் முழுவதுமே கொஞ்சம் குறுகலாகத் தெரிகிறது. டான்ஸ்ஹாலில் எந்த ஆணும் பேச முடியாத, எந்தப் பெண்ணும் அதுவரை பேசத் துணியாத ஒன்றை அவர் அங்கே வைத்தார். இதற்கிடையில் 2004இல் நோ டவுட் என்ற அமெரிக்க ராக் குழுவுடன் பாடியதற்காகக் கிராமி வென்ற முதல் பெண் டீஜே ஆனார். 2015 டிசம்பரில் ஞானஸ்நானம் பெற்று, லேடி சா என்ற பெயரையே துறந்து, போதகராகிவிட்டார்.

அவர் விட்ட இடத்தை ஸ்பைஸ் என்ற பெண் டீஜே எடுத்துக்கொண்டார். வைப்ஸ் கார்ட்டெல் என்ற ஆண் டீஜேயுடன் அவர் பாடிய 'ராம்பிங் ஷாப்' கிளப்பிய சர்ச்சையை ஒட்டி, 2009இல் ஜமைக்காவின் ஒலிபரப்பு ஆணையம் ஆபாசப் பாட்டுகளுக்கு வானொலியில் தடை போட்டது. 2018இல் தோலை வெளுக்கச் செய்துகொண்டது போன்ற ஒரு படத்தை வெளியிட்டு ஊரையே திட்ட வைத்துவிட்டு, மறுநாளே நிறவெறியைப் பற்றிய தம் பாட்டை வெளியிட்டார். திட்டியவர்கள் பலர் அதற்குள் தாங்கள் சொன்னதை அழிக்க முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். டான்யா ஸ்டீபன்ஸ் வழி வேறு. 2004இல் வந்த 'கேங்ஸ்டா ப்ளூஸ்' தொகுப்பில் மணமான ஆணை விரும்பும் பெண்ணின் சங்கடத்தை ஒரு சிறுகதை எழுத்தாளரின் நிதானத்தோடு சொன்னவர் அவர். சொல்நயத்தில் இந்தத் துறையில் அவருக்கு இணையாக நான் யாரையும் வைக்க மாட்டேன், ஆண்களையும் சேர்த்துத்தான்.

ரெகேவுக்கான கிராமி விருது 1985இல் தொடங்கியது. அந்த முதல் விருதைப் பெற்ற பிளாக் உஹுரு குழுவிலேயே பூமா ஜோன்ஸ் என்ற பெண் இருந்தார். ஆனால் ஒரு பெண் தம் பெயரில் மட்டும் அதை வாங்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்த, அப்போது பத்தொன்பது வயதான காஃபி என்ற மிக்கேலா சிம்ப்சன், 'ராப்ச்சர்' என்ற ஐந்து பாட்டுச் சிறுதொகுப்புக்காக அதைப் பெற்றார். பள்ளிச் சீருடைக் காலத்தில் கிட்டாரோடு உசைன் போல்ட்டைப் பற்றிப் பாடி இணையத்தில் போட்ட காணொளிதான் அவருடைய முற்றம். அவர் அண்ணன் துணையோடு நள்ளிரவில் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. எந்த ஆணின் பாட்டுக்கும் எசப்பாட்டாகவும் அவர் தொடங்கவில்லை.

செலக்டர் நாற்காலி மட்டும் இன்னும் மெதுவாகவே நகர்கிறது. தட்டைத் தேர்ந்தெடுப்பவருக்குத் தட்டுகள் சொந்தமாக இருக்க வேண்டும், பெட்டிகள் சொந்தமாக இருக்க வேண்டும், அவற்றை ஏற்றிப்போக வண்டி வேண்டும். 1985இல் பிபிசியின் ரேடியோ ஒன்னில் ரெகே நிகழ்ச்சி நடத்த வந்த ராங்கிங் மிஸ் பி, அதற்கு முன் லண்டனின் ஓர் உரிமமில்லா வானொலியில் பழகியவர். அதே நகரில் 1980கள் முதல் இரு பெண்கள் சேர்ந்து நடத்தும் என்சிங்கா சவுண்ட்ஸ் இப்போதும் நிகழ்ச்சி செய்கிறது. ஆண்கள் பரம்பரையாகக் கைமாற்றிக்கொடுத்த சவுண்ட் சிஸ்டங்களுக்கு நடுவே, அவர்களுடைய இசைத்தட்டுப் பெட்டிகள் அவர்களே காசு போட்டு வாங்கிச் சேர்த்தவை.